முதுகில் ஓடிய படங்கள்

ஏற்காட்டுத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் வீடியோக்களைக் கம்ப்யூட்டரில் சேமித்துவைக்கும் வேலை பார்த்த ஜெயபிரகாஷின் முதுகில், அவன் அழித்த படங்கள் ஓடத் தொடங்கியது காபிப் பழம் பறிக்கும் பருவத்தில். குளித்துக்கொண்டிருந்தவனுக்குத் துண்டு கொடுக்க வந்த அவன் மனைவி புவனாதான் முதலில் பார்த்தாள். தோள்பட்டைக்குக் கீழே யாருடைய இதயமோ கறுப்பு வெள்ளையில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் பெயரும் ஊரும் தேதியும். சட்டை போட்டால் சட்டைமேல் ஓடியது, ஸ்வெட்டர் போட்டால் ஸ்வெட்டர்மேல். கம்ப்யூட்டர் கோளாறு எப்படியோ தன்மேல் ஏறிவிட்டது என்று அவளிடம் சொல்லிவைத்தான்.

நடந்தது வேறு. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவை டிரோன் வைத்துப் படமெடுத்திருந்தார்கள். அதைப் போட்டுவைக்க இடமில்லை. புது டிஸ்க் கேட்டால் நிர்வாகி ஹேமலதா முகம் சுளிப்பார் என்று, முந்தைய வருடத்து வீடியோக்களை நகல்கூட எடுக்காமல் மொத்தமாக அழித்தான். எஸ்டேட்காரர்களும் மலைக்காரர்களும் பழைய படத்தைக் கேட்டா வரப்போகிறார்கள் என்று நினைத்தான்.

நாகலூரிலிருந்து சசிரேகா கேட்டு வந்தாள். எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். அவள் மகள் வெண்ணிலாவுக்கு இதயத்தில் ஓட்டை. அது பெரிதாகியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆபரேஷனை முடிவு செய்ய முடியும், பழைய எக்கோ ஸ்கேன் வீடியோவை வாங்கி வா என்று சேலத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெயபிரகாஷ் நிமிராமலே சொன்னான்: "அப்பவே சி.டி. போட்டுக் குடுத்துட்டமுங்க. நீங்கதான் எங்கியோ தொலைச்சிருப்பீங்க."

வரிசையில் நின்றவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கூட வந்திருந்த கணவன் காளியண்ணன் அவளை அங்கேயே வைது தீர்த்தான். அவள் தலையைக் குனிந்தபடி வெளியேறினாள். மறுநாள் காலையில்தான் அவன் முதுகில் படங்கள் ஓடத் தொடங்கின.

ஏற்காடு சீக்கிரமே பழகிக்கொண்டது. செம்மநத்தத்துச் செல்லப்பன் கடைவீதியில் தன் பித்தப்பைக் கல்லை அடையாளம் கண்டு, கூட இருந்தவர்களுக்குக் காட்டிவிட்டு ஆரஞ்சு விலை பேசப் போனார். பஸ்ஸில் அவனுக்குப் பின்சீட்டுக்குப் போட்டி இருந்தது. யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பான். தன்னால் பார்க்க முடியாததை எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை. சுவரோரமாக நடக்கப் பழகினான்.

ஒரு மாலை சோறு போட்டுக்கொண்டிருந்த புவனா அவன் முதுகைப் படித்தாள். "வெண்ணிலா, நாகலூர்னு வருதுங்க. சின்னப் புள்ள நெஞ்சாட்டம் இருக்குது. யாருங்க இது?" அவனால் அடுத்த வாய் எடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். அவள் சோற்றுப் பானையை மூடினாள்.

விடிந்ததும் நாகலூருக்குப் பஸ் ஏறினான். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் நின்று காளியண்ணனிடம் சொன்னான்: "தொலைச்சது இவங்க இல்லீங்க. நான்தான் அழிச்சேன். பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன்."

காளியண்ணனால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. சசிரேகா சொன்னாள்: "ஊட்ல ஒரு மூல விடாம தேடுனனுங்க. கடைசில நான்தான் தொலைச்சுப்போட்டேன்னு நானே நம்பிட்டனுங்க."

வெண்ணிலாவின் படமும் இதில் வருகிறது என்று முதுகைக் காட்டி, அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அப்போது முதுகில் யாருடைய சிறுநீரகமோ ஓடிக்கொண்டிருந்தது.

மூவரும் குழந்தையும் சேலத்துக்கு இறங்கினார்கள். டாக்டர் அவனை ஸ்டூலில் திருப்பி உட்காரவைத்து, வெண்ணிலாவின் படம் வரும்வரை மற்ற நோயாளிகளைப் பார்த்தார். வந்ததும் ஸ்கேலை அவன் முதுகில் வைத்து அளந்து, புதுப் படத்தோடு ஒப்பிட்டார். ஓட்டை பெரிதாகவில்லை, கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். சசிரேகா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரும்பும் பஸ்ஸில், ஜெயபிரகாஷின் முதுகு கண்ணில் படாதபடி அவனுக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரி புது டிஸ்க் வாங்கியது. அவன் அழித்த அந்த ஒரு வருடத்துப் படங்களைக் கேட்டு வருகிறவர்களுக்காக, அவன் சுவரைப் பார்த்து உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தது. வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகா என்று ஒருத்தி வருகிறாள். வயிற்றிலேயே இறந்துபோன அவள் குழந்தை உயிரோடு அசைந்தது அவன் முதுகில் வரும் ஸ்கேன் படத்தில் மட்டும்தான். "ஏனுங்க, கொஞ்சம் ஆடாம இருங்க" என்பாள். அவள் முகத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை. அவள் எழுந்து போகும்வரை மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.