எட்டு மணி மாத்திரை

தையல் மெஷின் மெக்கானிக் காலை ஏழரைக்கே கடையைத் திறந்துவிடுவார். ஒன்பதுக்கு முன்னால் எந்த வாடிக்கையாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டு மணிக்கு அவர் மனைவி வருவாள், அதற்குத்தான் இந்த அவசரம். எண்ணெய்க் கறை படிந்த ஸ்டூலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். அவள் உட்கார்ந்ததே இல்லை. ஒரு வருஷமாகத் தோள்பையோடு வாசலருகே நின்று, அவர் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதைப் பார்த்துவிட்டு, எட்டரை ஷிஃப்ட்டுக்குப் போய்விடுவாள்.

அது டாக்டர் போட்ட நிபந்தனை. அந்த மாத்திரை குடிக்கிற ஆசையைத் தொடவே தொடாது. ஆனால் அது உடம்பில் இருக்கும்போது ஒரு மடக்கு சாராயம் உள்ளே போனால் போதும், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்கும். காலையில் விழுங்கிவிட்டால், சாயங்காலம் சபலம் தட்டும்போது அந்தப் பயம் கையைப் பிடித்து நிறுத்தும். விழுங்குவதாக நடிப்பதில் குடிகாரர்கள் பலே கில்லாடிகள். அதனால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் குடியால் கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்ட மனைவி, "இது ஒண்ணுக்கு மட்டும் வர்றேன்" என்று ஒப்புக்கொண்டாள்.

அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் மனுஷன் மிச்ச நாளைத் தள்ளினார். அவள் கட்டியிருக்கும் புடவை, அவள் இருமுவது, எல்லாம் சாயங்காலம்வரை மனசில் ஓடும்.

பத்து நாளைக்கு முன் டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். "இனி மாத்திரை வேண்டாம். குடியை விட்டவங்க கூடுற வியாழக்கிழமைக் கூட்டத்தை மட்டும் விட்டுடாதீங்க." வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். இவருக்கு வேறு கவலை. மாத்திரை நின்றால் அவளும் நின்றுவிடுவாளே! அவளிடம் எதுவும் சொல்லாமல் மிச்சமிருந்ததைத் தினம் ஒவ்வொன்றாக விழுங்கினார். நேற்றோடு அட்டை காலி. இன்று ஒரு சத்து மாத்திரையைப் பொடித்துக் கலக்கிக் குடித்தார்.

அவள் கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். டாக்டர் தந்த மாத்திரை சரியாகக் கரையாது. அடியில் வெள்ளைப் பொடி தங்கும், இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றி அலசிக் குடிக்க வேண்டும். இன்று கிளாஸ் பளிச்சென்று இருந்தது.

"மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா..."

"எத்தனை நாளா ஏமாத்துறீங்க? நானும் பைத்தியக்காரி மாதிரி தினம் ரெண்டு பஸ் மாறி வர்றேன்!"

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இவர் பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டு ஓடி, அவள் முன்னால் நீட்டினார்.

அவள் தேதியை இரண்டு தடவை படித்தாள்.

"வேண்டாம்னுதானே எழுதியிருக்கு? அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"சொன்னா நீ வர மாட்டே."

அவள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, கிளம்பிப் போனது.

"இனிமே ஒரு பொய் சொன்னாலும் நிஜமாவே வர மாட்டேன்."

"சரி."

அவள் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆகட்டும்" என்றாள்.