ஏசிக்கு வந்தவள்

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடமாக ஒரு சோபா கடையில் விற்பனையாளர். கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆளின் காலைப் பார்த்தே ரகம் பிரித்துவிடுவார். மொத்தம் மூன்று ரகம். 'வாங்குறது', 'பாக்குறது', 'ஏசி'. முதல் ரகத்துக்கு நாற்காலியும் ஜூஸும். இரண்டாவதற்கு ஒரு சிரிப்பு. மூன்றாவது, வெயிலுக்குப் பயந்து சும்மா ஏசிக் காற்று வாங்க வந்த கூட்டம். அவர்களுக்குக் கேட்காமலேயே விலையைச் சொல்லிவிடுவார். தானாகக் கிளம்பிவிடுவார்களாம்.

இந்த வித்தை கடையோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களும் தப்ப முடியாது. என் தம்பி ஏசி. மாடி வீட்டுக்காரம்மா பாக்குறது. அவருடைய அக்கா மட்டும் வாங்குறது. ஏன் என்று கேட்டு நான் வம்பை விலைக்கு வாங்கவில்லை.

நான் லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடையின் முன்வாசலில் நுழையப் போனேன். என் ரப்பர் செருப்பைப் பார்த்ததும் ஓடிவந்தார். கையைப் பிடித்து, லாரி நிற்கிற பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இனிமே இங்க வந்து நில்லு. அது கஸ்டமர் வர்ற வழி."

அன்றிலிருந்து பதினாறு வருடமாகப் பின்வாசல்தான். அவர் வெளியே வந்து பையை வாங்கிக்கொள்வார். கடையில் ஒருத்தருக்கும் என் முகம் தெரியாது. அன்றைக்கு வலித்தது இன்றைக்கும் வலிக்கிறது, அதை மறைப்பானேன்.

போன மாதம் முதலாளி, "இந்தத் தளத்துக்கு ரெண்டு சீனியர் எதுக்கு, ஒருத்தர் போதும்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை முடிவு. இன்னொரு சீனியர் இவரைவிட எட்டு வயது சின்னவர். அந்த வாரம் முழுக்க முதலாளி மாடி அறையை விட்டுவிட்டுக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருவர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

வியாழக்கிழமை நான் போனபோது பின்வாசலை லாரி அடைத்துக்கொண்டு நின்றது. கடை நேரத்தில் இவர் போனை அணைத்து வைத்துவிடுவார். எனக்கோ ஒன்றரைக்கு லாண்டரியில் இருக்க வேண்டும். திட்டு வாங்கத் தயாராகி முன்பக்கக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

இவர் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றிருந்தார். என் பக்கம் திரும்பினார். குனிந்து காலைப் பார்த்தார். அதே ரப்பர் செருப்புதான். நேராக என்னிடம் வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. வெயில் ஜாஸ்தியா இருக்கு. முதல்ல உக்காருங்க."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஆனால் முதலாளி முன்னால் கேலி செய்கிற தைரியம் இவருக்குக் கிடையாது. முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு சரியாக இருந்தது. பார்வைதான் என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டது. படியில் தடுக்கியது. கதவில் தொங்கிய துண்டிடம் "இன்னும் கிளம்பலையா" என்று கேட்டது. கவலையில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். இவருக்குக் கண் தெரியவில்லை.

"என்னங்க" என்று வாயைத் திறக்கப் போனேன். முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டியை அடையாளம் தெரியாத ஆளை எந்த முதலாளி வேலையில் வைத்துக்கொள்வார்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூஸ் வந்தது. குடித்தேன். நான் பேசவே தேவைப்படவில்லை. இவர் ஆரம்பித்தால் கஸ்டமருக்கு வாய் திறக்க இடமிருக்காது.

"சாஞ்சு பாருங்க மேடம். நாள் முழுக்க நின்னு வேலை செய்றவங்களுக்கு முதுகு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். இந்த உயரம்தான் சரியா வரும்."

பதினாறு வருடத்தில் என் முதுகைப் பற்றி இவர் பேசியது அன்றுதான். அழுகை வந்தது. ஜூஸோடு சேர்த்து விழுங்கினேன்.

"இதோ, இது நீலம்" என்று சிவப்பு சோபாவைத் தட்டிக் காட்டினார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். எங்களை நோக்கி வந்தார். சாப்பாட்டுப் பையை இவரிடம் நீட்டினேன்.

"குடுங்க மேடம், நான் பிடிச்சுக்கறேன்."

அந்தப் பையின் கைப்பிடி அறுந்தபோது இவரே கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். விரல் கம்பியில் பட்டதும் பேச்சு நின்றது. முகத்தில் இரத்தமே இல்லை.

"இந்தச் சிவப்பு நல்லா இருக்குங்க" என்றேன் நிதானமாக.

"ஆமா மேடம்." பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "சிவப்புதான். உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

முதலாளி வந்து முதலில் என் காலைப் பார்த்தார். பிறகு என்னிடம், "வீட்ல கேட்டுட்டு மெதுவா வாங்கம்மா" என்றார். இவரைப் பக்கத்தில் இழுத்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துச் சொன்னார்.

"வேற யாரா இருந்தாலும் இவங்கள வாசல்லயே அனுப்பியிருப்பாங்க. நீங்க ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டறதில்ல. தளம் இனி உங்க பொறுப்பு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகவே இவருக்கு எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கிறார்கள்.

கஸ்டமரை வாசல்வரை வழியனுப்புவது கடை வழக்கம். பையைப் பிடித்தபடி இவர் என்னோடு நடந்தார். கண்ணாடி போட்டுவிட்டால் மறுபடி எல்லோருடைய செருப்பும் தெரிய ஆரம்பித்துவிடும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்று, பாவி நான், ஒரு நிமிடம் யோசித்தேன்.

"ஆறு மணிக்குக் கண் டாக்டர்கிட்ட போறோம்" என்றேன் கதவருகில். "வந்து நிக்கறேன்."

"பின்வாசல்லயா?" என்றார், பழக்க தோஷம்.

"இந்த வாசல்ல," என்றேன். "இதே செருப்போட."