பேர் ஓடும் நேரம்

என் மகள் அன்பரசி வேலை செய்த தொடர் வெள்ளிக்கிழமை நெட்டில் வருகிறது என்று போனில் சொன்னாள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"மணியெல்லாம் கிடையாதும்மா. வந்துட்டா எப்ப வேணாலும் பாத்துக்கலாம்."

எப்ப வேணாலும் என்றால் எப்போது? நல்ல காரியத்துக்கு நேரம் காலம் வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அது கழிந்து ஆறு மணிக்கு என்று நானே முடிவு செய்தேன். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முழுக்க வீடு வீடாகப் போய் அழைத்தேன். மொரப்பூர்ப் பக்கத்தில் டிவி பார்க்கக் குங்குமம் வைத்து அழைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

காரணம் இருந்தது. அன்பரசி சென்னையில் படப்பிடிப்பில் மைக் பிடிக்கிறாள். பூம் என்கிற நீளக் கம்பின் நுனியில் மைக் இருக்கும். நடிக்கிறவர்கள் தலைக்கு மேலே, படத்தில் நிழல்கூட விழாமல் பிடிக்க வேண்டும். கை இற்றுப்போகும். ஆனால் என் வீட்டுக்காரரின் அண்ணன் நஞ்சப்பன் மாமா இருக்கிறாரே, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் காதுகுத்து எங்கே போனாலும் "டிகிரி படிச்சுட்டு கம்பு தூக்குது எங்க புள்ள" என்பார். நாலு பேர் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் அண்ணன் சொல்கிறாரே என்று சேர்ந்து சிரித்துவிட்டு வருவார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரியும். டிவியில் அவள் பேர் வருவதை மாமா கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை கடலையை வேகவைத்து, கூடத்தில் பாய் விரித்து வைத்தேன். ஆறு மணிக்கு மாமாவோடு தெருவே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டைக் கையில் எடுத்ததும் எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள், "அந்தப் போலீஸ்காரன்தான் கொலகாரன் அக்கா" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்தே பாத்துட்டனே. சொசைட்டில பால் ஊத்த வரிசைல நின்னப்ப, போன்ல."

நிர்மலா வேலைக்குப் போகும்போது ரயிலில் பார்த்தாளாம். இன்னொருத்தி கட்டிலில் படுத்தபடி பார்த்தாளாம். மொத்தத் தெருவும் தனித்தனியாகப் பார்த்து முடித்துவிட்டு வந்து என் பாயில் உட்கார்ந்திருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

"அப்புறம் எதுக்குடி வந்தீங்க?"

"நீங்க குங்குமம் வச்சுக் கூப்பிட்டீங்களே அக்கா!"

கோபத்தை அடக்கிக்கொண்டு, "சரி, அன்பு பேரப் பாத்தீங்களா?" என்றேன். ஒருத்திகூடப் பார்த்திருக்கவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். "எட்டுப் பாகமும் உக்காந்து பாத்தேன் கோகிலா. நம்ம புள்ள பேரு எங்கயும் வரல. கம்பு தூக்கறவங்க பேரெல்லாம் எவன் போடுவான்?"

"கடைசில வரும்னு சொன்னாளுங்க மாமா" என்று முதல் பாகத்தின் கடைசிக்கு ஓட்டினேன். கதை முடிந்து எழுத்து மேலே ஏற ஆரம்பித்தது. ஏறிய வேகத்தில் அது சுருங்கி மூலைக்குப் போய்விட்டது. அடுத்த பாகம் தானாக ஓடத் தொடங்கியது. மாமா கடலையை உரித்தபடி சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த அவசரக்குடுக்கை டிவி யாருக்குமே பேரைக் காட்டவில்லை. சமைத்தவர் யாரென்று கேட்பதற்குள் இலையை எடுத்து அடுத்த பந்தி போடுகிற கதைதான்.

"விடும்மா, டீயக் குடு" என்றார் மாமா.

விடுவேனா? மறுபடி பின்னால் ஓட்டினேன். அவசரத்தில் எதையோ அமுக்கப் போய் மறுபடியும் அடுத்த பாகத்துக்குத் தாவியது. யாரோ கொட்டாவி விட்டார்கள். விடாமல் திரும்ப ஓட்டி, எழுத்து சுருங்கியதும் அந்தச் சின்னக் கட்டத்துக்கே போய் அமுக்கினேன். திரை முழுக்க விரிந்தது. எத்தனை பேர்! ஊர்த் திருவிழாக் கூட்டம் போல ஏறிக்கொண்டே இருந்தது. என் மகள் பேர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வந்ததும் நிறுத்தினேன்.

"மாமா, நீங்க படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போனார். "பூம் ஆபரேட்டர்" என்று படித்தார். பிறகு கொஞ்சம் நிதானித்து, "அன்பரசி மாது" என்றார்.

மாது என் வீட்டுக்காரர். பிறத்தியார் டிராக்டர் ஓட்டுகிறவர். கதவோரம் நின்றிருந்த அவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந் தம்பி பேரு" என்றார் மாமா. "எந் தம்பி பேரு டிவில நிக்குது பாருங்க!" கண்டக்டர் குரல், தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஆளாளுக்குப் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். மாமா அந்தப் பேருக்குப் பக்கத்தில் நின்று தன்னையும் எடுக்கச் சொன்னார். எனக்குப் பெருமையில் அழுகை வந்தது. மறைக்கவில்லை.

டீ குடித்து எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் பேரை அணைக்க மனசில்லாமல் பாயிலேயே உட்கார்ந்திருந்தோம். திரையில் ஒரு கேள்வி வந்தது. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்கீங்களான்னு கேக்குது கோகிலா."

"பின்ன? ஆமான்னு அமுக்குங்க."