புளி ஓடு கிடந்த வாசல்

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் பெரியம்மாளால் எழுந்திருக்க முடியவில்லை. அவளுக்குப் பதிலாக அவள் புருஷன் சடையன் உட்கார்ந்து புளி தட்டினார். ஓடுகளை வாரி, தினமும் அவள் செய்வதுபோலவே வாசலில் இறைத்தார்.

அந்த நோய்க்கால வருஷத்தில் நர்ஸ் தேவி யார் வீட்டுக்குள்ளும் நுழைவதில்லை. வாசல் குப்பையைப் பார்ப்பாள். சாமை உமியோ புளி ஓடோ கிடந்தால் பொம்பளை நடமாடுகிறாள் என்று அர்த்தம். வெறும் வாசலைக் கண்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவாள். அது மலையிலிருந்து மூன்று பேரை இறக்கிக்கொண்டு போயிருந்தது. திரும்ப ஒருவரையும் ஏற்றி வரவில்லை. "என்னக் கீழ அனுப்பிடாத" என்று பெரியம்மாள் சடையன் கையைப் பிடித்திருந்தாள்.

தேவி வந்து, அத்தை எங்கே என்றாள். தேன் திருடின கரடியை இழுத்துக்கொண்டு ஆலங்காயம் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள் என்றார் சடையன். கரடிக்கு மாஸ்க் இல்லையென்று பஸ்ஸில் ஏற்றவில்லையாம், ரெண்டு பேரும் நடந்தே போகிறார்களாம். முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. தேவி சிரித்துக்கொண்டே வாசல் ஓட்டைப் பார்த்து நோட்டில் டிக் போட்டாள்.

ஆறாம் நாள் ஓடு இறைக்க அவசியமில்லாமல் போயிற்று.

கருமாதிக்கு மறுநாள் தேவி வந்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். "ஓடு கிடந்துச்சேன்னு போய்ட்டேன் நதியா."

வேலூரில் லேப் வேலை பார்க்கும் மகள் நதியா அவளைத் தேற்றினாள். உடம்பிலும் இப்படித்தானாம். ஒவ்வொரு செல்லும் உள்ளே இருக்கும் புரதத்தை நறுக்கி, சில துண்டுகளை வெளியே எடுத்துக் காட்டுமாம். வைரஸ் புகுந்தால் அந்தத் துண்டுகள் மாறும். ரோந்து வரும் வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். சில வைரஸ், துண்டை வெளியே வரவிடாது. வெறும் வாசலென்றால் சந்தேகம் வருமே என்று போலியாக ஒன்றை வைக்கிற வைரஸும் உண்டாம்.

"உங்க மேல தப்பில்லக்கா. வாசல்ல இருந்தத தான பாத்தீங்க."

சடையன் தொண்டையைச் செருமினார்.

"ஓடு நான் போட்டதும்மா. அவ ஒண்ணுமே தட்டல."

"இன்னாப்பா நீ, இப்பவுமா கத வுடுவ."

தேவிகூட அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்துவிட்டாள். கரடி பஸ்ஸுக்கு நின்றதைக் கேட்டு டிக் போட்டவள், இதை நம்பவில்லை.

அவர் உள்ளே போய் முறத்தைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தார். மூன்று நாள் புளி. ஓடு மட்டும்தான் போயிருந்தது. நார் உருவாத ஒரு பழத்தைக்கூடப் பெரியம்மாள் முறத்தில் போட்டவளில்லை.

நதியா ஒன்றை எடுத்தாள். நாரைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அது பாதியில் அறுந்து அவள் விரலில் தொங்கியது.