சித்தி சொன்ன ‘நாங்க’

1

இந்தக் கதை ஒரு பஸ்ஸில் கிடைத்தது. முன் சீட்டில் ஒரு பெண் போனில் சொன்னாள்: “நீ ‘நாங்க’ன்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சுடி.” அவ்வளவுதான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அவளுக்கு என்ன புரிந்தது என்பதை நான்தான் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

முதலில் எழுதிய வரி: ‘மனிதன் மொழியைப் படைத்தான், மொழி மனிதனைப்…’ [மேடைப்பேச்சு. அடித்தாயிற்று.]

அடுத்தது: ‘அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்.’ இது தேவலை.

2

அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பவர் லென்ஸை ஃபிரேமுக்குள் உட்காரும்படி தேய்த்துக் கொடுக்கிற வேலை. சின்ன வயதில் அம்மா போனபின் சித்தி வந்தாள், அப்புறம் தம்பி பிறந்தான். சித்தி கொடுமைக்காரி இல்லை. [கொடுமைக்காரியாகவும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. அதனாலேயே கிழித்தேன்.] ஆனாலும் அந்த வீட்டில் இவளுக்குக் காது மட்டும் கூடுதலாக வளர்ந்தது. “நாம சாப்பிடலாம்” என்று சித்தி சொன்னால் இவளும் உண்டு. “நாங்க சாப்பிட்டாச்சு” என்றால் இவள் இல்லை.*

* கேட்பவரைச் சேர்க்க ஒரு சொல், தள்ளி நிறுத்த ஒரு சொல். இந்த வம்பே இல்லாத மொழிகள் எத்தனையோ. அங்கே பிறந்திருந்தால் இவள் நிம்மதியாக… இருந்திருப்பாளா? அந்தக் காது வேறு எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கும். சொல் காதை வளர்த்ததா, காது சொல்லை வளர்த்ததா, எனக்குப் பிடிபடவில்லை.

3

அப்பா இறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. சித்தி கட்டிலில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து உள்ளே வந்தவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“நாங்க மாசக் கடைசியில போயிடறோம்.”

இவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “சரி. நான் ஹாஸ்டல் பாத்துக்கறேன்.”

இவள் கண்ணில் படாத மறுபக்கத்தில், சித்தியின் காதில் இயர்போன் இருந்தது. பேசியது வீட்டுக்காரரிடம். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார். அவரிடம் ‘நாங்க’ என்றுதான் சொல்ல முடியும். அந்த ‘நாங்க’வுக்குள் மூன்று பேரும் இருந்தார்கள்.

[இங்கே சித்தியைப் பேசவைக்கப் படாதபாடு பட்டேன். ‘அடியே, உன்ன யாரு போகச் சொன்னா…’ அவள் வாயில் வரவே இல்லை. இவள் இதற்குத்தான் காத்திருந்தாள் போல என்று நினைத்துக்கொண்டு, சித்தி போர்வையை மடித்து முடித்தாள்.]

4

இரண்டு வருடம் கழித்துத் தம்பி கடைக்கு வருகிறான். லென்ஸ் மிஷின் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுகிறான்.

“அம்மா அன்னைக்கு உங்கிட்ட பேசலக்கா. வீட்டுக்காரர்கிட்ட. எனக்கே போன வாரம்தான் சொன்னாங்க.”

“அத அன்னைக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன?”

“நீ எப்படா போலாம்னு தவம் கிடந்த மாதிரி இருந்துச்சாம்.”

“உங்கம்மாவுக்குக் கற்பனை ஜாஸ்தி.”

“உனக்கு மட்டும் கொறைச்சலா?”

அவள் சிரித்துவிட்டாள். நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைக்கு ‘யாரு நாங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு நின்றது.

“இப்ப எதுக்கு வந்த?”

“கூப்பிடத்தான். வீட்டுக்கு வந்துடு.”

“யாரு கூப்பிடறது? நீயா, சித்தியா?”

“நாங்கதான்க்கா.”

5

தம்பி சொன்னதில் பிழையில்லை. ‘நாமதான் கூப்பிடறோம்’ என்று மாற்றிப் பார்த்தேன், அபத்தமாக இருந்தது. ஒருத்தியை உள்ளே அழைக்கும்போதும் இந்த மொழியில் அவளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அழைக்க முடியும். அது அவள் புத்திக்குத் தெரியும். காதுக்குத் தெரியாது.

ஒரு பிரதியில் “சாயங்காலம் வரேன்” என்றாள். நம்ப முடியவில்லை. இன்னொன்றில் “நீங்க நல்லா இருங்க” என்றாள். அது நான் எரிச்சலில் எழுதியது.

இப்போது மிஷினை நிறுத்துகிறாள். இனி மெதுவாகச் சொன்னாலும் அவனுக்குக் கேட்கும். வாயைத் திறக்கிறாள்.

என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ, அப்படித்தான் நீங்கள் இதை முடிப்பீர்கள். வேறு எப்படியும் முடிக்க வராது.