முள் நிற்கும் வரை

அக்டோபர் பதினான்காம் தேதி, நகர நீரேற்று நிலையத்திலிருந்து அந்த ஆண்டு ஓய்வுபெற்ற ஆறு பேருக்கும் ஓய்வூதிய நிதி அலுவலகத்திலிருந்து ஒரே மாதிரியான கடிதம் வந்தது. சேர்ந்திருக்கும் தொகையை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஆயுள் முழுக்க மாதாமாதம் வாங்கலாம். நவம்பர் முப்பதுக்குள் எதையும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு மாதத் தொகைதான். கையெழுத்துப் போட்டுவிட்டால் மாற்ற முடியாது.

ஐந்து பேர் அந்த வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மீதி ஒருவர், நிலையத்தில் எல்லோரும் ‘மீட்டர்’ என்று கூப்பிட்ட மனிதர்.

மீட்டரின் மனைவி திரைச்சீலை தைப்பவர். வாடகை வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. துணி வெட்டும் மேசையைத் தச்சர் அறைக்குள்ளேயே அடித்துக் கொடுத்திருந்தார். வாசல் வழியாக அது வெளியே வராது. இப்போது வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போகிறார். “முதல்ல உங்களுக்குத்தான் கேக்கறேன். இந்த விலை நவம்பர் கடைசி வரைக்கும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மொத்தமாக எடுத்தால் வீட்டை வாங்கலாம். ஆனால் அந்தப் பணம் பங்குச் சந்தையில் கிடந்தது. விண்ணப்பம் கொடுக்கிற நாளின் விலைக்குத்தான் கிடைக்கும். சில நாள் அது வீட்டு விலைக்கு மேலே இருந்தது, சில நாள் கீழே.

நவம்பர் நடுவில் தேர்தல். ஆளுங்கட்சி ஜெயிக்கும் என்று செய்தி வந்தது, சந்தை இறங்கியது. தோற்கும் என்று வந்தது, அப்போதும் இறங்கியது. நிதியமைச்சர் பதவி விலகிய அன்று ஏறியது.

“நல்லது நடந்தா ஏறுமா, கெட்டது நடந்தா ஏறுமா? அதையாவது சொல்லேன்” என்று மீட்டர் மைத்துனரைக் கேட்டார். மனைவியின் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பங்குகளில் கொஞ்சம் பணமும் போட்டிருந்தார்.

“எதிர்பார்த்தது நடந்தா ஒண்ணும் ஆகாது மாமா. எதிர்பார்க்காதது நடந்தாத்தான் ஏறும், இல்ல இறங்கும்.”

“அப்ப நான் எதை எதிர்பார்க்கணும்?”

“அது தெரிஞ்சா நான் ஏன் மாமா கண்டவன் பக்கத்துல உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கேன்?”

தேர்தலுக்கு முந்தைய வாரம் ஒருநாள் தொகை வீட்டு விலையைத் தாண்டி நன்றாக மேலே போயிருந்தது. மனைவி தையல் மெஷினை நிறுத்தினார்.

“ஏங்க, இன்னைக்குப் போய் எழுதிக் கொடுத்துட்டு வந்துடுங்களேன்.”

மீட்டர் போனார். நிதி அலுவலகத்தின் சுவரில் ஒரு திரை. நிதியின் அன்றைய மதிப்பு அதில் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தது. நிலையத்தில் மோட்டாரைப் போட்டதும் அழுத்தம் காட்டும் முள்ளும் இப்படித்தான் துள்ளும். அந்த நேரத்தில் பார்த்து எழுதினால் இன்ஜினியர் கிழித்துவிடுவார். கண்ணாடியை விரலால் தட்டிவிட்டு, முள் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் எழுத வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் அப்படித்தான் செய்தார். தவறான அளவு எழுதினார் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

“குடுக்கறீங்களா சார்?” என்றார் கவுண்டரில் இருந்த பெண்.

“கொஞ்சம் நிக்கட்டும்மா.”

“யாரு?”

“அந்த நம்பர்.”

“அது நின்னா நாங்க வீட்டுக்குப் போகவேண்டியதுதான் சார்.”

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவந்தார். மனைவியின் மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரண்டு கட்சிகளும் நாங்கள்தான் ஆட்சி அமைப்போம் என்றன. மீட்டர் தினமும் நிதி அலுவலகத்துக்குப் போனார். எண் துள்ளிக்கொண்டே இருந்தது.

நவம்பர் முப்பது காலையில் திரை அசையவில்லை. ஒருமணி நேரம் பார்த்தார். அதே எண், வீட்டு விலைக்கு ஒரு பிடி மேலே. வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். “உடனே கிளம்பி வா. நின்னுடுச்சு.”

மனைவி கழுத்தில் இன்ச் டேப்போடு ஆட்டோவில் வந்து இறங்கினார். விண்ணப்பத்தைக் கையில் வாங்கிய கவுண்டர்ப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சார், இன்னைக்கு சந்தையே திறக்கல. ஊர் கிடக்கற கிடப்புல மூடி வச்சிருக்காங்க. இது நேத்து சாயங்கால நம்பர். மறுபடி என்னைக்குத் திறக்குதோ, அன்னைக்கு விலைதான் உங்களுக்கு.”

மீட்டர் திரையைப் பார்த்தார்.

“ஏங்க, மோட்டார் நின்னாலும் முள்ளு நிக்கும்ல? அது உங்களுக்குத் தெரியாதா?” என்றார் மனைவி.

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் என்னை வரச் சொன்னீங்களா?”

மீட்டர் மைத்துனருக்குப் போன் போட்டார். “மாமா, கையெழுத்துப் போடாதீங்க” என்றது குரல். “இல்ல, போடுங்க. இருங்க, செய்தியைப் பார்த்துட்டுச் சொல்றேன்.” மனைவி போனை வாங்கி அணைத்தார்.

“போடலைன்னா மாசத் தொகை. வாடகையும் சாப்பாடும் ஓடும், வீடு கிடைக்காது. போட்டா வீடு கிடைக்கலாம். போடுங்க.”

“கண்டிப்பாவா சொல்றே?”

“எனக்கு மட்டும் என்ன தெரியும்? இன்னைக்கு விட்டா நாளைக்குக் கேக்க ஆளில்ல, அது தெரியும்.”

பேனாவை வாங்கினார். பெயரில் பாதி எழுதிவிட்டு நிறுத்தி, இன்னொரு தடவை திரையைப் பார்த்தார். பிறகு மீதியையும் எழுதினார்.

சந்தை டிசம்பர் மூன்றாம் தேதி திறந்தது. யாரும் சொல்லாத காரணத்துக்காக ஏறியது. வந்த தொகை வீட்டு விலையைவிட அதிகம். அன்று மாலையே இருவரும் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார்கள்.

“நான் சொன்ன தேதி போயிடுச்சேம்மா” என்றார் அவர். “இந்த நிலைமையில அவ்வளவு பணத்தைக் கையில வச்சுக்கிட்டு நான் எங்க போய்ப் போடுவேன்? சொல்லுங்க. வீடு வீடாவே இருக்கட்டும். இப்ப விக்கறதா இல்ல.”

தொகை சேமிப்புக் கணக்கில் போடப்பட்டது. மாதத் தொகைக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு மீட்டர் எழுதிய விண்ணப்பத்தை நிதி அலுவலகம் நிராகரித்தது. ஜனவரியிலிருந்து வீட்டு வாடகை உயர்ந்தது.