ரத்தினசாமியின் கிரேக்கப் பட்டை

சபைப் பொறுப்புக்கு ரத்தினசாமியைத் தேர்ந்தெடுத்த அன்று அவருக்கு இருந்த ஒரே மனக்குறை அந்தப் பொறுப்பின் பெயர். வேதாகமத்தில் அதை உதவிக்காரர் என்று போட்டிருக்கிறது. உதவிக்காரர் என்றால் ஹெல்பர். ஆம்பூர்த் தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்கும் ஹெல்பராகப் பாதி ஆயுளைக் கழித்து, இப்போதுதான் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடியும் முதலிலிருந்தா?

"கோயில்லயும் அதே போஸ்ட்டு தானா ஐயா?" என்று பாஸ்டரிடம் கேட்டார்.

பாஸ்டர் ஆல்வின் இளைஞர். செமினரியில் கிரேக்கம் படித்துவிட்டு, அதைப் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். "மூலத்துல அது தியாகொனோஸ்" என்றார்.

அந்தச் சத்தமே ரத்தினசாமிக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாய் நிறைந்தது.

அந்த ஞாயிறு பாஸ்டர் அதையே பிரசங்கமாக்கினார். தியாகொனோஸ் என்பது அந்தக் காலத்துத் தெருவில் புழங்கிய சாதாரண வார்த்தை. பந்தியில் பரிமாறுகிறவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர்க் கல்யாணத்தில் சாடிகளில் தண்ணீர் நிரப்பியவர்களுக்கும் அதே வார்த்தைதான். தமிழில் வேலைக்காரர் என்று இருக்கிறது. அப்போஸ்தலர் பவுல் தன்னைப் பற்றிச் சொல்வதும் அதே வார்த்தை, அங்கே ஊழியக்காரர். "வார்த்தை ஒண்ணுதான். ஆளப் பார்த்து நாமதான் அதுக்குச் சட்டை மாத்தி வுட்டிருக்கோம்" என்றார்.

சபை உருக்கமாக ஆமென் சொன்னது. அடுத்த வாரமே ரத்தினசாமியையும் சேர்த்து ஐந்து உதவிக்காரர்கள் கொண்ட கமிட்டி கூடி, இனிமேல் உதவிக்காரர் என்று யாரும் சொல்லக்கூடாது, தியாகொனோஸ் என்றே சொல்லவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஐந்து பேருக்கும் பீடத்தருகே கைப்பிடி வைத்த நாற்காலி. பந்தியில் முதல் வரிசை. தோளிலிருந்து இடுப்புக்கு மெரூன் நிறத் தோல் பட்டை, அதில் தங்க நிறக் கிரேக்க எழுத்து.

பட்டைக்குத் தோல் கொண்டுவந்தது ரத்தினசாமிதான். கம்பெனியில் கழித்துப் போட்ட லாட்.

"அப்பா, அது ஈரம் பட்டா சாயம் வுடுது. நான்தான் ஃபெயில் போட்டேன்" என்றாள் எப்சிபா. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு அதே கம்பெனி லேபில் இருக்கும் அவருடைய ஒரே மகள்.

"கோயிலுக்குள்ள இன்னா மழையா பெய்யப்போவுது?"

மீதித் தோலை, சபைப் பந்திக்கும் பிரியாணி போடும் கடைக்காரர் வாஹித் பாஷா வாங்கி, பரிமாறும் ஆட்களுக்கு ஏப்ரன் தைத்துக்கொண்டார். அதிலும் தங்க எழுத்து. கடைப் பெயர், உருதுவில்.

சபையில் பந்தி போடும் அறுப்பின் பண்டிகையன்று காட்பாடியிலிருந்து எப்சிபாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையனின் அப்பா ஞானசிகாமணி, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல இடம், எப்சிபாவுக்கும் பையனின் போட்டோ பிடித்திருந்தது. ஆராதனைக்கே வந்துவிடுகிறோம் என்றார்கள். ரத்தினசாமி மனைவியை விட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுத் தன் கிரேக்கப் பதவியையும் சொல்ல வைத்திருந்தார்.

ஆராதனை முழுக்க அவர் கைப்பிடி நாற்காலியில் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். ஜெபத்திலும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அவர்கள் வரவில்லை. ரயில் லேட். வெயிலில் நான்கு தடவை ரோட்டுமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேர்வையில் பட்டையின் சாயம் இறங்கி, வெள்ளைச் சட்டையெல்லாம் குழம்பு கொட்டின மாதிரி ஆகிவிட்டது.

அதற்குள் அவர்கள் பின்வாசல் வழியாக வந்திருந்தார்கள். ரத்தினசாமியின் மனைவி அவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்து, பெண்ணைக் கூட்டிவர உள்ளே போயிருந்தாள். ரத்தினசாமி மூச்சு வாங்க ஓடிவந்து, கைகுவித்து, வாயைத் திறந்தார்.

"பாய், கத்திரிக்கா இன்னும் வரலயே" என்றார் ஞானசிகாமணி, பட்டையையும் சட்டையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு. "அப்படியே தயிர் வெங்காயமும்."

ரத்தினசாமிக்குக் காது சுட்டது. நான்தான் பெண்ணின் அப்பா என்று சொல்ல நாக்கு வரை வந்தது. முகம் பார்த்த முதல் நிமிஷமே சம்பந்தியை வெட்கப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும். பக்கத்து மேசையிலிருந்த வாளியை எடுத்தார். கத்திரிக்காய் வைத்தார்.

"பிரியாணியும் கொண்டா. பீஸ் பார்த்துப் போடு பாய், எலும்பா போடாத."

போட்டார். பக்கத்து வரிசையும் கூப்பிட்டது. அங்கேயும் போனார். கமிட்டி ஆட்கள் பட்டையோடு உட்கார்ந்தபடி அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்க்காத மாதிரி இருந்தார். தண்ணீர் ஊற்றத் திரும்பி வந்தபோது ஞானசிகாமணி மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்ணோட அப்பா இன்னும் எட்டிக்கூடப் பார்க்கல. கிரேக்கப் பதவியாமே. பந்தில வந்து நாலு வார்த்த பேசுனா கொறஞ்சிடுவாரா? தலக்கனம் ரொம்ப ஜாஸ்திதான். நமக்கு இந்த எடம் வாணாம்மா. சாப்ட்டுக் கெளம்பலாம்."

ரத்தினசாமி ஜக்கோடு அவர்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றார். எதிரே எப்சிபா காபித் தட்டோடு வந்து நின்றாள். அப்பாவின் சட்டையையும் ஜக்கையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தாங்க பொண்ணோட அப்பா" என்றார்.

ஞானசிகாமணி எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "ஐயோ! பாய்னு கூப்ட்டுட்டேனே! நீங்க போயி... வாளிய..."

ரத்தினசாமி தவித்தார். பாஸ்டரின் பிரசங்கத்தில் அவர் கொட்டாவி விட்டது போக மிச்சமிருந்தது கைகொடுத்தது.

"ஒக்காருங்க சம்பந்தி. தியாகொனோஸ்னா அர்த்தமே இதாங்க. பந்தில பரிமாறுறவன். எங்க சபைல நாங்க அத அப்படியே கடைப்பிடிக்கிறோம்."

ஞானசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ பெரிய மனுசன்டா" என்று பையனிடம் சொன்னார். எப்சிபா சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைக் கீழே வைத்தாள். பையன் அவளைப் பார்த்துச் சிரித்தான். காபி குடித்த கையோடு நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள்.

செய்தி பரவியது. ரத்தினசாமியின் தாழ்மையைப் பற்றி ஊரே பேசியது, அவரும் பேசினார். கமிட்டியில் மற்ற நால்வருக்கும் தூக்கம் போயிற்று. அடுத்த பண்டிகைப் பந்தியில் வாளிக்கு அடிதடி நடக்காத குறை. உடனே கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. முதல் பந்தியில் தியாகொனோஸ்களைத் தவிர வேறு யாரும் வாளியைத் தொடக்கூடாது. பிரியாணி வாளி தலைவருக்கு. கத்திரிக்காய் வாளி நிரந்தரமாக ரத்தினசாமிக்கு. வாளிகளில் கிரேக்கத்தில் பெயர் பொறிக்கவேண்டும்.

பொறிக்கவேண்டிய எழுத்துக்களைப் பாஸ்டர் ஆல்வினிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வாஹித் பாஷாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தாடியைத் தடவினார்.

"சரி சாமி, பரிமாறுறது நீங்க. நம்ம ஆளுங்களுக்கு ரெஸ்ட்டு. எல எடுக்கிறது, வாளி கழுவுறது யாரு?"

ரத்தினசாமிதான் முந்திக்கொண்டார்.

"அதுக்கின்னா பாய்" என்றார், பட்டையைச் சரிசெய்துகொண்டே. "ரெண்டு ஹெல்பரப் போட்டுக்கலாம்."